பக்கத்துக் கடைக்குப் போணி

கண்ணா, நித்யா போன் செய்தாள். நீ காலையில் கடைக்குப் போகிறாயாம், ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு லைட்டைப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறாயாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறாயாம். கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்கிறாயாம். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பயந்திருக்கிறாள். "நீங்க பேசுங்க அத்தை" என்றாள். பேசினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "சரிம்மா, வெச்சுடறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பாதியில் வைத்துவிட முடியாது, வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று உன் அப்பாவே சொல்வார்.

தைரியமாக இரு, எல்லாம் சரியாகும் என்று எழுதப் போவதில்லை. எனக்கே அந்த வார்த்தைகளைக் கேட்டால் இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை. அப்பா இறந்துபோன ஆவணியிலிருந்து எனக்கு எல்லாமே தூரத்தில் நடப்பதுபோல் இருக்கிறது. குக்கர் விசில் அடிக்கிறது, போய் நிறுத்துகிறேன். யாரோ சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் கடை ஓடாதது ஒரு பக்கம், நீ இப்படி உள்ளேயே உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. கடை போனால் இன்னொரு கடை. நீ எனக்கு ஒருத்தன்தானே.

நான் மாவுக் கடை போட்ட கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். தெரியாது. நீ பார்த்தது கடை நன்றாக ஓடிய பிறகு. மேற்கு மாம்பலத்தில் அந்தச் சந்தில் ஒரு ஷட்டரைப் பிடித்து, கிரைண்டர் வாங்கிப் போட்டு, வெள்ளிக்கிழமை பூஜை போட்டு ஆரம்பித்தேன். முதல் வாரம் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாம் மரியாதைக்கு வந்து வாங்கினார்கள். அப்புறம் சித்திரை வெயில் வந்தது. காலையில் அரைத்த மாவு மத்தியானமே பொங்கிப் பாக்கெட்டைக் கிழிக்கும். வாங்கிப் போனவர்கள் திருப்பிக்கொண்டு வந்து, "என்னம்மா இது, வாயில வைக்க முடியல" என்று கடை வாசலிலேயே நின்று சத்தம் போடுவார்கள். விற்காத மாவு வீட்டுக்கு வரும். நீ பள்ளிக்கூடத்துக்குப் புளித்த தோசை எடுத்துப் போனாய். "தினமும் தோசையாம்மா" என்று நீ கேட்டதற்கு உன் முதுகில் ஒன்று வைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது.

அப்பா தேனாம்பேட்டை ஆபீசிலிருந்து வந்ததும், "இன்னைக்கு எப்படிப் போச்சு" என்று கேட்பார். "நல்லாப் போச்சு" என்பேன். ஒரு நாள் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டார். ஒன்றும் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எதுக்கு இவ்வளவு அவஸ்தை, மூடிடேன். என் சம்பளம் போதாதா நமக்கு" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் என் காதில் விழுந்தது "மூடிடேன்" என்கிற ஒரு வார்த்தைதான். அதன் பிறகு நான் அவரிடம் கடையைப் பற்றி எதுவும் உண்மையாகச் சொன்னதில்லை. நித்யாவும் உன்னிடம், "பழைய வேலைக்கே போயிடலாமே" என்று சொல்லியிருப்பாள். அவள்மேல் கோபப்படாதே. நம்மேல் உயிராக இருப்பவர்களால் நாம் படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, அதனால் நிறுத்தச் சொல்வார்கள். வீட்டு மனிதர்களிடம் கடைக் கஷ்டத்தைச் சொன்னால் நம் பயத்தோடு அவர்கள் பயத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நான் அப்பாவிடம் பொய் சொன்னேன். நீயும் சொல்கிறாய்.

அந்த நாட்களில்தான் செல்வி வந்தாள். உனக்குச் செல்வி அத்தை. பக்கத்துத் தெருவில் அவளும் புதிதாக மாவுக் கடை போட்டிருந்தாள். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த அவள் வீட்டு ஆட்களை எல்லாம் அரசாங்கம் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்தபோது, இவள் மட்டும் போகமாட்டேன் என்று மாம்பலத்தில் அறை எடுத்துத் தங்கியவள். எனக்கு நேர் போட்டி. ஒரு நாள் காலையில் நான் யாரும் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இவள் வந்து நின்று, "ஒரு பாக்கெட் மாவு குடுக்கா" என்கிறாள். மாவுக் கடைக்காரி மாவு வாங்க வந்தால் என்ன நினைப்பேன்? வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். முறைத்தேன்.

"இன்னாக்கா மொறைக்கிற? போணி பண்ண வந்தேன். உனுக்கு ஆச்சா இல்லியா?"

"இல்ல."

"எனுக்கும் ஆவல. நான் உனுக்குப் பண்றேன், நீ வந்து எனுக்குப் பண்ணு. காலீல கல்லால ஒரு நோட்டு வுழுந்தாதான்க்கா கை வேல செய்யும். இல்லாங்காட்டி நாள் பூரா ரோட்டயே பாத்துக்கினு குந்திகினு இருப்போம்."

பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "ஐஸ் தண்ணி ஊத்தி அரைக்க மாட்டியா? மிஷின் சூட்லயே பொங்கிப் பூடுதுக்கா. உளுந்தயும் ராத்திரியே ஊறப் போட்டு வெச்சிகினு இருப்ப" என்றாள். யாராவது இதைப் போட்டிக் கடைக்குச் சொல்லித் தருவார்களா? அவள் சொன்னாள். ஏன் சொன்னாய் என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "உன் மூஞ்சி என் மூஞ்சி மாரியே இருந்திச்சு" என்றாள். அவ்வளவுதான் காரணம். மறுநாள் நான் அவள் கடையில் போய்ப் போணி பண்ணினேன். என் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டாள். எனக்கு அதுவரை யாரும் அப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.

அப்புறம் ஜெயா மாமி சேர்ந்துகொண்டாள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போட்டு விற்க எங்கள் சந்து முனையில் ஒரு சின்ன இடம் எடுத்திருந்தாள். முதல் மாதம் வாசலில் யார் வந்தாலும் "வாங்கோ, ருசி பாருங்கோ" என்று ஓசியில் கொடுத்தே தீர்த்தாள். செல்விதான் அவளை அதட்டி நிறுத்தினாள். மூன்று பேரும் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒரு சுற்று வருவோம். ஒருத்தி கடையில் இன்னொருத்தி எதையாவது வாங்குவது. எந்த ஷட்டரும் போணி ஆகாமல் நிற்கக் கூடாது. அதைத் தாண்டி நாங்கள் ஒன்றும் சங்கம் வைத்து நடத்தவில்லை. ஆனால் அந்த ஒரு சுற்றில் எல்லாம் பேசிவிடுவோம். அரிசிக்காரன் எடை குறைக்கிறான் என்பது, கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டது என்பது, இன்றைக்கு மூடிவிட்டுப் போய்விடலாம் போல் இருக்கிறது என்பது. அதை ஒருத்தி சொன்னால் மற்ற இருவரும் பதறமாட்டோம். "நேக்கு அது போன செவ்வாக்கெழம" என்பாள் மாமி. அதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். அப்பாவிடம் ஒரு வருஷம் பொய் சொன்ன நான் இவர்களிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. மாவைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாங்கள் கொஞ்சிக் குலாவிக்கொண்டே இருந்தோம் என்றும் நினைத்துவிடாதே. மாமி ஒரு தடவை அடை மாவு போட்டு விற்க ஆரம்பித்துவிட்டாள். செல்விக்கு வந்ததே கோபம். பேச்சு வார்த்தை நின்றுபோனது. ஆனால் போணி நிற்கவில்லை. செல்வி காலையில் மாமி கடைக்குப் போவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு காசை வைப்பாள், பொடியை எடுப்பாள், வந்துவிடுவாள். மாமியும் அதேபோல வந்து போவாள். நான் நடுவில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். கடைசியில் மாமி அடை மாவைச் செல்வியிடமே அரைக்கக் கொடுத்துவிட்டாள், சமாதானம் ஆனது.

அப்பா போனபோது என்ன நடந்தது என்பதை உனக்கு நான் சொல்லவில்லை. நீயும் அப்போது உன் பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், நான் அவர்களுக்குக் காபி கலந்து கொடுத்தேன். காரியம் முடிந்து எல்லோரும் போனார்கள். கடையைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று முடிவு செய்யவும் இல்லை. காலையில் எழுந்து உட்கார்ந்தால் மத்தியானம் ஆகியிருக்கும். அவ்வளவுதான். நீ தினமும் போன் செய்து, "சாப்டியாம்மா" என்று கேட்பாய். "சாப்டேன்" என்பேன். சாப்பிட்டேனா என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் செல்வியும் மாமியும் வந்தார்கள். ஆறுதல் சொல்லவே இல்லை. செல்வி நின்றபடியே, "அக்கா, எனுக்கு ஒரு வாரமா யாவாரமே சரி இல்ல. நீ வந்து போணி பண்ணு" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "என்ன செல்வி, ஒண்ணும் தெரியாத மாதிரி பேசுற? என் நெத்தியப் பாரு. என் கையாலயா போணி பண்ணுவாங்க" என்றேன். நியாயமாகப் பார்த்தால் மாமிதான் இதற்கெல்லாம் பயப்படுகிறவள். ராகு காலம் பார்க்காமல் பொடி டப்பாவைக்கூடத் திறக்கமாட்டாள். அவள் சொன்னாள், "இத்தனை வருஷமா உன் கையால போணி பண்ணிண்டுதான் என் கடை நடந்துண்டு இருக்கு. ஆத்துக்காரர் போயிட்டா கையும் மாறிடுமாடி? எழுந்து மூஞ்சிய அலம்பிண்டு வா. நேக்கு நாழியாறது." எழுந்து போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. செல்வி என் காசை எப்போதும்போல் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு என் ஷட்டரைத் திறந்து மூன்று பேரும் கிரைண்டரைக் கழுவினோம்.

அன்றோடு நான் தேறிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. தேறவில்லை. கிரைண்டர் ஓடும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் உளுந்து கழுவ முடிகிறது, பாக்கெட் போட முடிகிறது. நீ சாப்பிட்டாயா என்று நாம் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது அன்புதான். ஆனால் என்னை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது அவர்கள் இருவரும். அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன். உண்மையில் செல்விக்கு வியாபாரம் சரியில்லையா, என்னைக் கிளப்பச் சொன்ன பொய்யா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நீ சித்திரையில் அடையாறில் காபிக் கடை திறந்தாய். பன் பட்டர் ஜாம், பில்டர் காபி, சுவரெல்லாம் வெள்ளை, அழகாக இருந்தது. முதல் காபியை நித்யாவின் சித்தி காசு கொடுத்து வாங்கினார்கள். நான் பின்னால் செருப்பு விட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போய் நின்றேன். எனக்கு அப்போது எதுவும் வலிக்கவில்லை. எழுதும்போதுதான் கொஞ்சம் வலிக்கிறது. அதை விடு. ஒரு வாரம் கழித்து நீ போனில் சொன்னாய்: "ரெண்டு ஷட்டர் தள்ளி ஜூஸ் கடை வெச்சிருக்கான்மா பிரபுன்னு ஒருத்தன். திறந்த மறுநாள் வந்து ஒரு காபி ஓசில குடிச்சிட்டுப் போனான். அதுக்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கல. நாம காபி போடறது அவனுக்குப் பொறாமை." நான் "ஓ" என்றேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

நேற்றுக் காலையில் நான் அடையாறு வந்தேன். உனக்குத் தெரியாது. ஆகாய நடைமேம்பாலத்தில் நடந்து, தி.நகர் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து வந்தேன். உன் ஷட்டர் பாதியில் நின்றது. கீழே உன் கால் தெரிந்தது. அசையாமல் இருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். கூப்பிட்டிருந்தால் நீ எழுந்து வந்து லைட்டைப் போட்டு, "நல்லாப் போகுதும்மா, இன்னைக்குத்தான் கொஞ்சம் டல்" என்று சொல்லியிருப்பாய். நான் உன் அப்பாவிடம் சொன்ன அதே பொய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நடந்துபோய் ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு. நான் யார் என்று சொன்னதும் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணனுக்கு என்னாச்சு மா? ஒடம்பு சரியில்லையா?"

"நீயே போய்க் கேட்டிருக்கலாமேப்பா."

"ரெண்டு வாட்டி ஷட்டர் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன் மா. எப்படிக் கூப்புடுறது? கடை தொறந்த மறுநாள் காலைல போணி பண்ணத்தான் போனேன். நான் தொறந்தப்ப எனக்கு யாருமே பண்ணல, மத்தியானம் வரைக்கும் ஒத்தையா நின்னேன். இவருக்கு அப்படி ஆவக் கூடாதுன்னு காசெடுத்து நீட்டுனேன். 'காசெல்லாம் வேணாம் பாஸ், சும்மா சாப்புடுங்க'ன்னுட்டாரு. மூணு தடவ குடுத்தேன் மா. வாங்கவே இல்ல. சரி, என் கை அவருக்குப் புடிக்கல போலருக்குன்னு வந்துட்டேன்."

கண்ணா, எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. நீ கொடுத்தது உபசாரம். ஆபீஸ் கேன்டீனில் நண்பனுக்குக் காபி வாங்கித் தருவதுபோல் நினைத்துக் கொடுத்தாய். கடைத்தெருவில் அதற்கு அர்த்தமே வேறு. காலையில் முதல் ஆளாக வந்து நீட்டுகிற காசை வாங்க மறுத்தால், உன் கை எனக்கு ஆகாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது போல. அவன் அவமானப்பட்டுப் போனான், நீ அவனுக்குப் பொறாமை என்றாய். இரண்டு ஷட்டர் இடைவெளியில் இருவரும் இத்தனை மாதம் தனித்தனியாக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நீ படிக்கிற பையன் என்று கடைப்பக்கமே விடாமல் வளர்த்தோம், உனக்கு எப்படித் தெரியும்? அவனிடம் அதைத்தான் சொன்னேன். "அவன் ஆபீஸ்ல வேலை பார்த்தவன்பா, போணின்னா என்னன்னு தெரியாது" என்றேன். அவன் கீழே வைத்த துணியை மறுபடி எடுத்தான். அப்புறம் சிரித்தான். "அவ்ளோதானா மா" என்றான்.

சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "அவரு ஷட்டரைப் பாதி எறக்குனதுல இருந்து எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு மா. ஆடி மாசம், மழை வேற, யாரு ஜூஸ் குடிக்க வர்றா? வீட்ல சொன்னா மூடச் சொல்லுவாங்க. அவரும் மூடிட்டாருன்னா இந்த வரிசைல நான் மட்டும்தான்" என்றான். மிக்ஸி எல்லாம் கழுவிக் கவிழ்த்தபடி அப்படியே காய்ந்திருந்தது. ஒரு பழத்தோல்கூடக் குப்பைக் கூடையில் இல்லை. மணி பதினொன்று தாண்டியிருந்தது. அவனுக்கு இன்னும் போணி ஆகவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் சர்க்கரை வியாதியை நினைக்காமல் ஒரு சாத்துக்குடி ஜூஸ் போடச் சொன்னேன். "நீங்க அம்மா மாதிரி, காசு வேணாம்" என்று அவன் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன். நான் நீட்டிய நோட்டை வாங்கினான், என் வெறும் நெற்றியைப் பார்த்தான், இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டான். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா போனதற்கு வராத அழுகை எல்லாம் வந்தது. பாவம், பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உனக்கு உதவி செய்யச் சொல்லி நான் அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். நாளைக் காலையில் அவன் கடை திறக்கும் நேரத்துக்கு நீ போக வேண்டும். ஏதாவது ஒரு ஜூஸ் வாங்கு, காசைக் கையில் கொடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவனுக்குப் புரியும். பேசத் தோன்றினால் பேசு, இல்லாவிட்டால் குடித்துவிட்டு வா. உன் லைட்டைப் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவனுக்குக் காலையில் ஒரு ஆள் வேண்டும், நான் தினமும் மாம்பலத்திலிருந்து வந்துகொண்டிருக்க முடியாது.

அம்மா